பேஸ்வாட்டரில் ஒரு ரொட்டிக்கல்

லண்டன் பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு மலேசியச் சாப்பாட்டுக் கடையில் 2008 செப்டம்பரில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். இப்போது ரொட்டி சானாய், அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டா, சுடுகிற ரொட்டிக்கல்லும் சமையலறையில் பாதியும் என் பொறுப்பு. நான் சேரும்போதே கடைக்கு இருபது வயது தாண்டியிருந்தது. 36 பேர் உட்காரலாம். மேசைக்கு விரிப்பு கிடையாது, முன்பதிவு கிடையாது. சுவரில் மலேசியாவின் ஈப்போ ரயில் நிலையத்தின் பழைய படம் ஒன்று தொங்கும். எங்களைச் சுற்றி எத்தனையோ கடைகள் திறந்து மூடின. "இது மட்டும் எப்படி அண்ணே நிக்குது?" என்று கடை வைக்க நினைக்கும் தம்பிகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாப்பிடப் போகிறவர்களுக்கும் சில விஷயங்கள் உண்டு.

எனக்குச் சொந்த ஊர் மலேசியாவில் கிள்ளான். படிக்க வந்தேன். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். முதல் வாரத்திலேயே வீட்டு ஞாபகம் வாட்டியது. குவீன்ஸ்பரோ டெரஸில் இருக்கும் மலேசியா ஹால் கேண்டீனுக்குப் போய் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டுவிட்டு, அந்தத் தெம்பில் தெருத் தெருவாக வேலை கேட்டு நடந்தேன். மலேசியச் சாப்பாடு இந்த ஊருக்குப் புதிதல்ல. பேடிங்டன் பக்கம் சேல் பிளேஸில் இருக்கும் சாத்தே ஹவுஸ் 1973இல் தொடங்கியது. கொலிண்டேலில் ஓரியண்டல் சிட்டி என்று ஒரு பெரிய வணிக வளாகம் இருந்தது, அதன் உணவுக்கூடத்தில் நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும். நான் வந்த வருடம் ஜூனில் அதை மூடிவிட்டார்கள்.

எங்கள் முதலாளி ஈப்போ சீனப் பெண்மணி. எல்லோருக்கும் ஆன்ட்டி. ரொட்டி போட்டவர் பினாங்குத் தமிழ் முஸ்லிம். எல்லோருக்கும் மாமா. மலேசியாவில் தமிழ் முஸ்லிம் கடைகளை மாமாக் கடை என்பார்கள். நம்முடைய 'மாமா'தான் மலாய்க்காரர் வாயில் 'மாமாக்' ஆனது. நாசி கந்தார் சோற்றின் பெயரும் அப்படித்தான் வந்தது. அந்தக் காலத்தில் பினாங்குத் தெருக்களில் தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்றவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள். அந்தத் தோள்கம்புதான் 'கந்தார்'. ஆன்ட்டியும் மாமாவும் பேசிக்கொண்டது மலாயில், எண்ணுவது காண்டனீஸில், கோபம் வந்தால் இரண்டு பேரும் தமிழில். ஆன்ட்டிக்குத் தமிழில் பத்து வார்த்தைதான் தெரியும், அதில் எட்டு மாமா கற்றுக்கொடுத்தது.

சரி, ரொட்டிக்கு வருகிறேன்.

முதல் நான்கு மாதம் நான் மாவைத் தொடவே இல்லை. ஐந்தாவது மாதம் மாமா கையில் ஒரு ஈரத் துண்டைக் கொடுத்தார். முகம் துடைக்கிற சின்னத் துண்டு. அதை எண்ணெய் தடவிய மேடையில் தட்டையாகப் போட்டு, ஒரு ஓரத்தைப் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றி விசிறி, மேடை மேல் மடியாமல் விழ வைக்க வேண்டும். சின்னத் துண்டில் ஒரு வாரம். அப்புறம் குளியல் துண்டில் ஒரு வாரம். பெரிய துண்டு நனைந்தால் கனம். தோளால் வீசினால் பத்து நிமிடத்தில் கை விட்டுப்போகும். அப்போதுதான் வேலை தோளில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது என்று உடம்புக்கே புரியும். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கும் நான் துண்டைத்தான் கொடுக்கிறேன். மாவு வீணாகாது, பயமும் போகும்.

எங்கள் கணக்கு இதுதான்: 1 கிலோ மைதா, 20 கிராம் உப்பு, 60 கிராம் உருக்கிய நெய், 2 மேசைக்கரண்டி கெட்டிப்பால் (கண்டென்ஸ்ட் மில்க்), சுமார் 550 மில்லி தண்ணீர். முட்டை போடுவதில்லை. பிசைந்து அரை மணி விட்டு, மறுபடி பிசைந்து, 90 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் 18 வரும். ஒவ்வொன்றையும் எண்ணெயில் புரட்டித் தட்டில் அடுக்கி மூடிவைக்க வேண்டும். ஆறு மணி நேரமாவது ஊற வேண்டும். நாங்கள் முதல் நாள் ராத்திரியே பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவோம்.

ஒரு தடவை மைதா வரவேண்டிய வண்டி வரவில்லை. நான் பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய், பிரெட் சுடுவதற்கான 'ஸ்ட்ராங்' மாவை வாங்கிவந்து பிசைந்தேன். மாவு மாவுதானே என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் ஊறவிட்டு விரித்தால் ரப்பர் மாதிரி இழுத்த இழுப்புக்குத் திரும்பிச் சுருங்கியது. இன்னும் இழுத்தால் கிழிந்தது. வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். மாமா வந்து உருண்டையை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். பள்ளம் உடனே மேலே வந்துவிட்டது. "மாவு கோவமா இருக்குடா. தூங்க விடு" என்றார். பலகையில் ரொட்டி பெயரை அழித்துவிட்டு அன்று மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸும் சோறும் மட்டும் விற்றோம். அந்த மாவில் புரதம் அதிகம், அதனால் விறைப்பும் அதிகம். மறுநாள் காலை அதே மாவு கேட்டபடி விரிந்தது. அழுத்தின பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்தால் மாவு தயார். இன்றைக்கும் எனக்கு அதுதான் சோதனை; கடிகாரத்தை நம்புவதில்லை. ஜனவரியில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரமாவது வெளியே இருக்க வேண்டும். ஜூலையில் முக்கால் மணி போதும்.

விரித்த மாவு மெல்லிய துணி போல, கீழே உள்ள மேடையின் கீறல் தெரிகிற அளவுக்கு இருக்கும். நான்கு பக்கமும் மடிக்கும்போது உள்ளே காற்றைப் பிடித்து மடிக்க வேண்டும், தட்டித் தட்டி அமுக்கக்கூடாது. கல் சூடு நடுத்தரம். இரண்டு பக்கமும் பொன்னிறம் வந்ததும் மேடையில் போட்டு, இரண்டு கையாலும் பக்கவாட்டிலிருந்து கைதட்டுகிற மாதிரி ஒரு அடி. அந்த அடியில்தான் அடுக்கு பிரிகிறது. புதிதாக வருகிறவர்கள் சூட்டுக்குப் பயந்து மெதுவாகத் தட்டுவார்கள். அடுக்கு பிரியாமல் தட்டையாகக் கிடக்கும். தைரியமாக அடித்தால் சுடாது.

சனிக்கிழமை 200 ரொட்டி போகும். மாமாவுக்கு 2015இலேயே வலது மணிக்கட்டில் வலி தொடங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டினார். அது தப்பு என்று இப்போது சொல்கிறேன். கடை வைப்பவர்கள் ரொட்டிக்கு ஒரே ஆளை நம்பாதீர்கள். இரண்டு பேர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி. ஆளுக்கும் நல்லது, அவர் ஊருக்குப் போனால் கடைக்கும் நல்லது.

சம்பால் என்கிற எங்கள் மிளகாய் விழுதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த மிளகாயை விதை எடுத்து ஊறவைத்து, வெங்காயம், பூண்டு, சுட்ட பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) சேர்த்து அரைத்து, தாராளமான எண்ணெயில் அடி பிடிக்காமல் கிண்ட வேண்டும். 'பெச்சா மினியாக்' என்போம், எண்ணெய் பிரிந்து மேலே வருவது. இங்கத்திய பெரிய வெங்காயத்தில் தண்ணீர் அதிகம், ஒரு மணி நேரத்துக்கு மேலே பிடிக்கும். அவசரப்பட்டால் மிளகாயின் பச்சை வாடை நிற்கும், இரண்டு நாளில் கெட்டும் போகும். எண்ணெய் பிரிந்த சம்பால் குளிர்பெட்டியில் ஒரு வாரம் நிற்கும். புளியும் வெல்லமும் கடைசியில்தான்.

2013இல் ஆன்ட்டியின் தங்கை மகன் கடை நிர்வாகத்துக்கு வந்தான். நல்ல பையன், உழைப்பாளி. இரண்டு யோசனை சொன்னான். ஒன்று, சம்பாலின் காரத்தைக் குறைக்கலாம், வெள்ளைக்காரர்கள் அதிகம் வருவார்கள். இரண்டு, மெனுவில் தாய் பச்சைக் கறி, வியட்நாம் சூப் எல்லாம் சேர்க்கலாம். முதலாவதை ஆன்ட்டி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "காரம் வேண்டாம்னா தனிக் கிண்ணத்தில் வை, அவங்க எடுத்துக்கட்டும். சட்டியில் கை வைக்காதே" என்றார். இரண்டாவதுக்கு ஒத்துக்கொண்டார். 44 பதார்த்தம் இருந்த மெனு 80ஆனது. ஐந்து மாதத்தில் குப்பைத்தொட்டி நிரம்பியது: வாடிய துளசி, பாதி திறந்த விழுதுப் புட்டிகள், கேட்க ஆளில்லாத நூடுல்ஸ். ஒரே நேரத்தில் பத்து விதமான சமையல் நடப்பதால் சாப்பாடு மேசைக்குப் போக அரை மணி ஆனது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், தினமும் மதியம் கறி லக்சா (தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ்) சாப்பிடுகிறவர், மூன்று வாரம் வரவேயில்லை. மெனு திரும்ப 42க்கு வந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் 25 போதும் என்பேன். ஒரு சட்டிக் கறியில் மூன்று பதார்த்தம் வருகிற மாதிரி யோசியுங்கள்: ரொட்டிக்கும் அதே கறி, சோற்றுக்கும் அதே கறி, லக்சாவுக்கு அதில் பாதி.

இப்போது எழுதப்போவது இன்றும் எனக்கு வலிக்கிற விஷயம்.

2011, ஒரு புதன்கிழமை மதியம். பருத்திச் சேலை மேல் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பாட்டியம்மாவும் அவர் மகளும் வந்தார்கள். மதுரைப் பக்கம். தமிழ்க் குரல் கேட்டதும் நான் சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். மகள் கறி கேட்டார். அம்மா சைவம். ரொட்டியும் பருப்பும் வைத்தேன். "கீரை எதுவும் இருக்காப்பா?" என்று கேட்டார். "கங்கோங் இருக்கும்மா, கீரைதான், சாப்பிடுங்க" என்று நானே வதக்கிக் கொண்டுவந்து வைத்தேன். பாதித் தட்டு சாப்பிட்டிருப்பார். "நல்லா இருக்கு, என்னமோ ஒரு வாசனை, என்ன போட்டே?" என்றார். நான் பெருமையாக, "பெலாச்சான்மா, கூனி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவெச்சு..." என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். சத்தமே வராமல் வைத்தார். மகள் முகம் சிவந்துவிட்டது. பாட்டியம்மா என்னைப் பார்த்து, "தெரியாமத்தானேப்பா குடுத்தே" என்றார். அதற்குப் பிறகு வெந்நீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். ஆன்ட்டி வந்து இரண்டு கையையும் கூப்பி நின்றார். காசு வாங்கவில்லை. அவர்கள் மறுபடி வரவும் இல்லை.

எனக்குத் தெரியும் அதில் பெலாச்சான் இருக்கிறது என்று. பிறந்ததிலிருந்து சாப்பிடுகிற பொருள் என்பதால் அது இறால் என்ற நினைப்பே வரவில்லை. கிள்ளானில் என் அம்மாவே வெள்ளிக்கிழமை சைவம். அவருக்குச் சட்டியே தனி. இருந்தும் நான் இப்படிச் செய்தேன். அன்று ராத்திரி ஆன்ட்டியும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் என்னென்ன போகிறது என்று ஒரு நோட்டில் எழுதினோம். மூன்று வருடம் கழித்து, 2014 டிசம்பரில், 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் எதில் இருக்கின்றன என்று சாப்பாட்டுக் கடைகள் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் இங்கே வந்தது. மற்ற கடைகள் ஓடியபோது எங்களிடம் நோட்டு தயாராக இருந்தது. மலேசியச் சமையலில் இது சாதாரண வேலை இல்லை: பெலாச்சானில் இறால், குச்சியில் கோத்துச் சுடும் சாத்தே இறைச்சிக்கான குழம்பில் வேர்க்கடலை, சோயா சாஸில் கோதுமையும் சோயாவும், நாசி லெமாக்கில் நெத்திலி, சிப்பி சாஸ் வேறு. வேர்க்கடலை ஒவ்வாமை உயிரையே எடுக்கும். சாத்தே குழம்புக்குக் கரண்டி, சட்டி, அடுப்பு மூலை எல்லாம் எங்களிடம் தனி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் எந்த மலேசியக் கடைக்குப் போனாலும் "சைவமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பெலாச்சான் உண்டா, சிப்பி சாஸ் உண்டா, நெத்திலி உண்டா?" என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பருப்பைக் கேட்டால் மேலே கறிக் குழம்பு ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். கலந்து ஊற்றுவது எங்கள் ஊர்ப் பழக்கம், 'பஞ்சிர்' என்போம், வெள்ளம் என்று அர்த்தம். பால் பொருளும் சாப்பிடாதவர்கள் ரொட்டியில் நெய்யும் கெட்டிப்பாலும் இருக்கும் என்று நினைவில் வைக்கவும்.

பெலாச்சானால் இன்னொரு தொல்லையும் வந்தது. அதைச் சுடும்போது வரும் வாசனை எங்களுக்குச் சொர்க்கம், மாடியில் குடியிருந்தவருக்கு நரகம். கவுன்சிலுக்குப் புகார் போனது, அதிகாரி வந்து பார்த்தார். ஆன்ட்டி சண்டை போடவில்லை. ஒரு தட்டு நாசி லெமாக்கோடு மாடி ஏறிப்போய், எந்த நேரம் அவர் வீட்டில் இருக்கமாட்டார் என்று கேட்டு வந்தார். திங்கள், வியாழன் காலை பத்து மணி. அன்றிலிருந்து வாரத்துக்கு வேண்டியதை அந்த நேரத்தில், அலுமினியத் தாளில் சுற்றி ஓவன் அடுப்பில் சுட்டு வைத்துக்கொள்கிறோம்.

கடை இத்தனை வருடம் நின்றதற்கு ரொட்டிக்குச் சமமான காரணம் ஒரு காகிதம். வாடகை ஒப்பந்தம். இங்கே கடை ஒப்பந்தங்களில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாடகையைத் திரும்பப் பேசுவது வழக்கம். பெரும்பாலும் ஏறத்தான் செய்யும், இறங்காது. 2016இல் ஒப்பந்தம் முடிந்தபோது கட்டட உரிமையாளர் எங்களை வெளியேறச் சொன்னார். ஆன்ட்டி தொடக்கத்திலேயே வக்கீல் வைத்து, 1954ஆம் ஆண்டு நில உரிமையாளர்–வாடகைதாரர் சட்டத்தின் பாதுகாப்பு விலக்கப்படாத ஒப்பந்தமாகப் போட்டிருந்தார். அந்தப் பாதுகாப்பு இருந்தால், சட்டம் சொல்கிற காரணங்கள் இல்லாமல் புது ஒப்பந்தத்தை மறுக்க முடியாது. கடைசியில் பேசி முடித்தார்கள், வாடகை ஏறியது, கடை நின்றது. லண்டனில் கடை பார்க்கிற தம்பிகளே, அடுப்பு வாங்குவதற்கு முன்னால் இந்த ஒன்றுக்கு வக்கீலுக்குக் காசு கொடுங்கள். பாதுகாப்பை விலக்கிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிற ஒப்பந்தங்கள் நிறைய இருக்கின்றன.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. அன்று ராத்திரியோடு சாப்பாட்டுக் கடைகளை மூடச் சொல்லிவிட்டார்கள். தட்டில் 140 உருண்டை ஊறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சுட்டு, கல் அணைக்கும்போது மணி பன்னிரண்டு. வழக்கமாக வரும் நர்ஸ்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போனார்கள். மாமா அதற்கு முந்தைய வருடமே பினாங்குக்குத் திரும்பியிருந்தார். நான் தனியாகத்தான் நின்றேன். அப்புறம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளில் சேர்ந்தோம். நூற்றுக்கு முப்பது வரை அவர்களுக்குப் போனது. அதைவிடப் பெரிய கஷ்டம், மூடிய பெட்டிக்குள் பத்து நிமிடம் இருந்தால் ரொட்டி வியர்த்துத் தோல் மாதிரி ஆகிவிடும். மூன்று வாரம் முயன்று நிறுத்தினோம். பதிலாக அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவைத்து, நடுவில் தாள் வைத்து, ஐந்தைந்தாக உறையவைத்து விற்றோம். கூடவே ஒரு டப்பா பருப்பு, ஒரு டப்பா சம்பால். வீட்டுத் தோசைக்கல்லில் நான்கு நிமிடம், கடைசியில் கைதட்டு. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. இன்றும் வாரத்துக்கு அறுபது பொட்டலம் போகிறது. தாப்பாவ் (பார்சல்) வியாபாரம் செய்ய நினைப்பவர்கள், எந்தப் பதார்த்தம் பயணம் தாங்கும் என்று முதலில் பெட்டியில் போட்டு அரை மணி கழித்துத் தின்று பாருங்கள். ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் வற்றவைத்த இறைச்சி) தாங்கும். கறி தாங்கும். லக்சாவில் குழம்பும் நூடுல்ஸும் தனித்தனி என்றால் தாங்கும்.

தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், பற்றிக் கேட்பவர்களுக்கு: லண்டன் குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர், தேநீர் மேல் ஆடை மாதிரி ஒரு படலம் வரும். குழாய்க்கு வடிகட்டி போட்ட பிறகுதான் எங்கள் தே சரியானது. தூள் கேமரன் மலை 'போ' (BOH) டீ. கெட்டிப்பாலோடு கொஞ்சம் ஆவிப்பாலும் (எவாப்பரேட்டட் மில்க்) சேர்த்தால்தான் ஊர் ருசி.

எங்கள் கடைப் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்ய விருப்பமில்லை. ஆனால் லண்டன் வருகிறவர்கள் யூஸ்டன் நிலையம் பக்கத்தில் டோரிக் வேயில் இருக்கும் ரொட்டி கிங்குக்குப் போய் ரொட்டி போடுவதைப் பார்க்கலாம். வரிசை நீளும், திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போங்கள், நான்கு பேருக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள். எங்கே போனாலும் ரொட்டி வந்ததும் முதலில் வெறும் ரொட்டியைப் பிய்த்து வாயில் போடுங்கள், அப்புறம் பருப்பைத் தொடுங்கள்.

2024 டிசம்பரில் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக், மூன்றும் அதில் உண்டு. செய்தி படித்ததும் பினாங்குக்கு மாமாவைக் கூப்பிட்டேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "அதெல்லாம் சந்தோஷம்டா. அங்க இப்ப உனக்கு மாத்துக்கு யாரு?" என்று கேட்டார். நேபாளத்துப் பெண் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள், கை நன்றாக இருக்கிறது, பத்து நாளாகத் துண்டில் பழகுகிறாள் என்றேன்.

"சின்னத் துண்டா, பெரிய துண்டா?" என்றார்.